சீட்டு மாற்றும் நேரம்

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு போர் மூண்டது. போர்க்களம் உள்ளங்கை அகலமுள்ள ஒரு கைத்தொலைபேசி. அதனுள்ளே ஓர் உலகப் படம். படத்தில் 6 கண்டங்கள், 42 நாடுகள். போரிட்டவர்கள் நான்கு சிறுவர்கள். அவர்களுள் இருவர் என் மகனின் பள்ளித் தோழர்கள். இங்கே உடப்புசல்லாவையில், கூப்பிடு தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள். மூன்றாமவன் என் மகன். நான்காமவன் கடலுக்கு அப்பால், நீலகிரியிலுள்ள கூடலூரில் இருக்கிறான். அவன் என் தாய்மாமனுடைய பேரன். இக்காலத்துப் பிள்ளைகள் வழியிற் காண்பவரையெல்லாம் "மச்சான்" என்று அழைக்கிறார்கள். இவ்விருவரோ உறவு முறையிலேயே மச்சான்மார்.

போர் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சமாதானத்துக்குத்தான் 11 நாட்கள் பிடித்தன. அந்த 11 நாட்களைப் பற்றிச் சொல்லவே பேனாவை எடுத்தேன். ஆயினும் சீட்டுக் கணக்கைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். நான் கணிதம் கற்பிப்பவன். என்னிடம் வேறு சரக்கு இல்லை.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு சேனாபதியல்லர், ஒரு திரைப்படக்காரர். அல்பேர் லமொரீஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிவப்பு பலூன்' என்ற படத்தை எடுத்தவர். ஒரு சிறுவனை நாய்க்குட்டிபோலப் பின்தொடர்ந்து வரும் ஒரு பலூனின் கதை அது. அமெரிக்காவில் ஒஸ்கார் பரிசும் பெற்றது. அத்துணை மென்மையான கதையை நினைத்த மனிதர் அடுத்த ஆண்டிலேயே, 1957இல், உலகம் முழுவதையும் வென்று முடிக்கும் ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டார் என்றால், மனித மனத்தின் போக்கை என்னென்பது! 1959இல் அமெரிக்காவில் பார்க்கர் சகோதரர்கள் என்னும் கம்பனியார் அதனை 'ரிஸ்க்' என்று பெயரிட்டு விற்றார்கள். லமொரீஸ் 1970இல் ஈரான் தேசத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஹெலிகொப்டர் விபத்தில் மாண்டார். அவருடைய விளையாட்டோ பலகையை விட்டுத் தொலைபேசிக்குள் குடிபுகுந்து, உலகெங்கும் முகமறியாத மனிதரை ஒரே மேசையில் அமர்த்தி வைத்திருக்கிறது.

அந்தப் படத்தை முதன்முதல் என் மகன் காட்டியபோது நான் நம் நாட்டைத் தேடினேன். இந்தியா இருக்கிறது. சயாம் தன் பழைய பெயரோடு இருக்கிறது. மடகாஸ்காருக்குக்கூடத் தனி இடம் உண்டு. இலங்கைக்கு இல்லை. "நாம எங்கடா இருக்கிறோம்?" என்று கேட்டேன். "நாம இல்லை அப்பா" என்று சொல்லிவிட்டு அவன் கம்சட்காவைப் பிடிக்கப் போய்விட்டான்.

பகடை உருட்டிப் படையைக் கொன்று நாட்டைப் பிடிப்பதுதான் விளையாட்டு என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. பகடை வெளி வேடம், சீட்டே உயிர். தன் முறையில் ஒரு நாட்டையாவது பிடித்தவனுக்கு, முறை முடியும்போது ஒரு சீட்டுக் கிடைக்கும். பத்து நாடு பிடித்தாலும் சீட்டு ஒன்றுதான். ஒரு சீட்டுக்கட்டில் 44 சீட்டுகள். நாட்டுக்கு ஒன்றாக 42. மீதி இரண்டும் எதனோடும் சேரக்கூடிய ஜோக்கர்கள். நாட்டுச் சீட்டு ஒவ்வொன்றிலும் காலாள், குதிரை, பீரங்கி என்னும் மூன்றில் ஒரு படம் இருக்கும், ஒவ்வொன்றும் 14. (நம் முன்னோரின் நாற்படையிலிருந்து யானையையும் தேரையும் கழித்துவிட்டுப் பீரங்கியைச் சேர்த்துக்கொண்டார்கள் போலும்.) ஒரே படம் மூன்று சேர்ந்தாலும், மூன்றும் வெவ்வேறாக அமைந்தாலும் அது ஒரு செட்டு. தன் முறை தொடங்கும்போது அந்தச் செட்டைக் கொடுத்துப் படை வாங்கலாம். கொடுத்த சீட்டில் உள்ள நாடு தன் கையிலேயே இருந்தால் அந்நாட்டுக்கு மேலும் 2 படை இனாம்.

கையில் 5 சீட்டுகள் சேர்ந்துவிட்டால் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றியே ஆகவேண்டும். ஏன் ஐந்து? இதைக் கண்டபோது எனக்குச் சிறு பிள்ளைபோல் மகிழ்ச்சி உண்டாயிற்று. படங்கள் மூன்று வகை. செட்டு அமையாமல் இருக்க வேண்டுமானால் ஒரு வகை முற்றாக இல்லாதிருக்க வேண்டும். இருக்கும் இரண்டு வகையும் இரண்டிரண்டுக்கு மேற்படக் கூடாது. ஆகவே நான்கு சீட்டு வரைதான் செட்டில்லாமல் தப்பலாம். ஐந்தாவது வந்ததும் தப்ப வழியில்லை. உயர்தர வகுப்பில் நான் ஆண்டுதோறும் தொண்டை வற்றக் கற்பிக்கும் புறாக்கூட்டுத் தத்துவம் இதுவே. அதனை என் மகனும் அவன் தோழரும் இரவு பத்து மணிக்குப் போர்வைக்குள்ளே ஆசிரியரில்லாமலே கையாண்டுகொண்டிருந்தார்கள்.

இனி, ஒரு செட்டுக்கு எத்தனை படை? இங்கேதான் வில்லங்கம். இதற்கு இரண்டு விலைப்பட்டியல்கள் உண்டு. ஒன்றை நிலை விலை என்போம்: மூன்று காலாளுக்கு 4, மூன்று குதிரைக்கு 6, மூன்று பீரங்கிக்கு 8, மூன்றும் வெவ்வேறானால் 10. ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் இந்த விலை மாறாது. மற்றதை ஏறு விலை என்போம்: அதில் படத்துக்கு மதிப்பே இல்லை, மேசையில் எத்தனையாவது செட்டு என்பதே கணக்கு. முதலாவதாக மாற்றுகிறவனுக்கு 4. இரண்டாவது செட்டுக்கு 6, பின்பு 8, 10, 12. ஆறாவது செட்டுக்கு 15. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்தாக ஏறும்: 20, 25, 30. யார் மாற்றினாலும் விலை எல்லோருக்குமாக ஏறும். எந்தப் பட்டியல் என்பதை மேசையைத் திறக்கிறவன் தீர்மானிக்கிறான். அது ஒரு மூலையில் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்?

நம் பக்கத்தில் முந்நூற்று நாலு ஆடாத தோட்டம் உண்டா? அதில் குலாம் ராசாவை வெட்டுகிறது. குலாமுக்கு 30, ராசாவுக்கு வெறும் 3. புதிதாகப் பார்க்கிறவனுக்கு இது பெரிய அநியாயமாகப்படும். ஆனால் மேசையைச் சுற்றியுள்ள நால்வருக்கும் முன்பே தெரிந்திருப்பதனால் அநியாயமே நியாயமாகிவிடுகிறது.

அந்த இரவு மேசையைத் திறந்தவன் கூடலூர்ப் பையன். அவன் வைத்தது ஏறு விலை. என் மகன் தன் தோழரோடு எப்பொழுதும் நிலை விலையிலேயே ஆடிப் பழகியவன். மூன்றாவது சீட்டு வந்ததும் அவன் கையில் காலாள், குதிரை, பீரங்கி மூன்றும் வகைக்கொன்றாக அமைந்துவிட்டன. பத்து வரும் என்று ஆவலோடு எல்லோருக்கும் முன்பாக மாற்றினான். வந்தது நாலு. ஏதோ பழுதென்று நினைத்தான். யாரையாவது கேட்டிருக்கலாம். தோழர் முன்னிலையில் கேட்க வெட்கம். வாய் திறவாமல் ஆடிக்கொண்டே போனான்.

பின்பு மற்றவர்கள் 6, 8, 10, 12 என்று மாற்றினார்கள். கூடலூர்ப் பையன் தன் கையில் 5 சீட்டுகள் நிறையும் மட்டும் பொறுத்திருந்து ஆறாவது செட்டை மாற்றினான்: 15 படை. அவன் கையில் மீதி 2 சீட்டுகள். அந்த 15ஐக் கொண்டு என் மகனின் தோழன் ஒருவனை அடியோடு அழித்தான். அழிந்தவனிடம் இருந்த 4 சீட்டுகளும் அழித்தவனுக்குச் சேரவேண்டும் என்பது விதி. இரண்டும் நாலும் ஆறு. அவ்வாறு கையில் ஆறோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் முறை முடியும் வரை காத்திராமல் அக்கணமே மாற்ற வேண்டும் என்பதும் விதி. மாற்றினான்: 20 படை. மீதி 3. இந்த இருபதோடு என் மகன் மேல் பாய்ந்தான். அவனிடம் 3 சீட்டுகள் இருந்தன. அவனும் அழிந்தான். மூன்றும் மூன்றும் ஆறு. மீண்டும் மாற்று: 25 படை. ஒரே முறைக்குள் 60 படை! மிஞ்சியிருந்த தோழனும் மூன்று நிமிடத்தில் முடிந்தான்.

ஆட்டத்தில் தோற்பது பெரிதன்று. தோற்றது எதனால் என்று விளங்காமல் தோற்பதே பெரிது. "எனக்கு நாலு, அவனுக்கு அறுபதா? ஏமாற்றிவிட்டான்!" என்று கத்தினான் என் மகன். தொலைபேசியின் ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அதற்கு அடுத்து அவன் சொன்ன சொல் "இந்தியாக்காரன் புத்தி" என்பது. மறுமுனையிலிருந்து வந்த சொல் "போடா சிலோன்காரா" என்பது.

அடுப்படியில் அம்மா இருந்தார்.

"இந்தியாக்காரன்" என்ற சொல் என் தகப்பனாரின் முகத்துக்கு நேரே பல முறை வீசப்பட்ட சொல். கடைத்தெருவில், கச்சேரியில், பஸ்ஸில். "சிலோன்காரன்" என்ற சொல் கூடலூரில் என் மாமன் வீட்டார் இன்றும் கேட்டு வருவது. பிறர் தம்மைச் சுட்ட கொள்ளியை எடுத்தே இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

அம்மாவின் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவர்களான தோட்ட மக்களை 1964இல் இரண்டு பிரதமர்கள் பங்கு பிரித்தார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் என்று பள்ளிப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்களே, அதுதான். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பின்னர் 1974இல் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அங்கே ஏழு பேர் போனால் இங்கே நாலு பேர் பதிவு என்பது விகிதம். நான் கணித ஆசிரியனாதலால் இந்த ஏழுக்கு நாலை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் தாத்தாவுக்கு அந்த விகிதம் தெரியாது. விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தபோது அதற்கு என்ன விலை, யார் வைத்த விலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தாத்தா வீட்டுக் கோப்பு இந்தியாவுக்குப் போயிற்று. அப்பா வீட்டுக் கோப்பு இலங்கைக்கு. 1974இல் அம்மாவுக்கு 18 வயது, மணமாகி ஓராண்டு. பெற்றோரையும் அண்ணனையும் நானுஓயா ஸ்டேஷனில் வழியனுப்பினார். அந்த ரயிலுக்கு நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது போய்ச் சேர்வது தலைமன்னாருக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தாத்தாவும் பாட்டியும் அங்கே காலமானபோது தந்தி வந்தது, போக முடியவில்லை. 1983க்குப் பிறகு கடிதமும் நின்றுபோயிற்று. மாமன் இறந்த செய்தியை நாங்கள் அறிந்ததே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

அறுந்துபோன அந்த நூலை முடிந்தவர்கள் பெரியவர்களாகிய நாங்களல்லர். இந்த இரண்டு பையன்களே. ஒரு கலியாணப் புகைப்படத்தில் தொடங்கி, எப்படியோ ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டைச் சுற்றியும் தேயிலை. இரண்டு வீட்டிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும். இரவு ஆட்டம் தொடங்குமுன் என் மகன் தொலைபேசியை அம்மாவிடம் கொடுப்பான். அம்மா தம் மதினியோடு பத்து நிமிடம் பேசுவார். பெரும்பாலும் கறி, மழை, முழங்கால் வலி. அதற்குப் பிறகே உலகப் போர்.

சண்டை நடந்த மறுநாள் இரவு எட்டரை மணிக்கு அம்மா வழக்கம்போலக் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மகன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். அம்மா ஒன்பது மணி மட்டும் இருந்துவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த நாளும் அவ்வாறே. என் தொலைபேசியிலிருந்து எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. புள்ளைங்க பேசாம இருக்கிறப்ப நாங்க பேசினா நல்லாருக்காது" என்றார். மதினியும் அங்கே அவ்வாறே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

நான்காம் நாள் நான் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தேன். பையன்களைக் கூப்பிட்டு உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் உபதேசத்தினால் திருந்திய ஒருவனையும் நான் கண்டதில்லை. கணக்கினால் வாயடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். எத்தனை சீட்டில் செட்டு அமையும் என்று கணக்கிட்டேன். 3 சீட்டுகள் கையில் இருந்தால் நூற்றுக்கு 42 தடவை செட்டு இருக்கும். 4 இருந்தால் 82 தடவை. 5 இருந்தால் எப்பொழுதும். இதிலிருந்து ஒரு தந்திரம் விளங்கிற்று. நிலை விலையில் 10 தரும் செட்டுக்காகக் காத்திருப்பது புத்தி. ஏறு விலையில் படத்துக்காகக் காத்திருப்பது வீண். மற்றவர்கள் மாற்றுவதற்காகக் காத்திருப்பதே புத்தி. ஆனால் காத்திருக்கிறவன் கையில் சீட்டு சேர்கிறது. யாரிடம் எத்தனை சீட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன சீட்டு என்பதுதான் தெரியாது. நான்கு சீட்டும் நலிந்த படையுமாக நிற்கிறவனைக் கண்டால் அயலவனுக்கு நாவூறும். அவனை அழித்தால் நாட்டோடு சீட்டும் கிடைக்கிறதல்லவா? ஆகவே பொறுத்தவன் பூமியாள்வதும் உண்டு. பொறுத்ததனாலேயே புதைகுழிக்குப் போவதும் உண்டு.

இவற்றையெல்லாம் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். "முதலில் மாற்றியவன் முட்டாள். கடைசியில் மாற்றுகிறவனே கெட்டிக்காரன்" என்று நான் ஒரு சூத்திரம்போலச் சொன்னேன்.

"ஏலச்சீட்டுத்தானே இது?" என்றார் அம்மா.

எங்கள் லயத்தில் அம்மா பல ஆண்டுகள் சீட்டுப் பிடித்தவர். பத்துப் பேர் மாதம் ஆயிரம் போட்டால் பத்தாயிரம். அவசரமுள்ளவர் தள்ளிக் கேட்பார். எண்ணாயிரம் போதும் என்று எடுத்தால் மீதி இரண்டாயிரத்தைப் பத்துப் பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பொறுமையாகக் கடைசியில் எடுக்கிறவருக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் கிடைக்கும். மாதாமாதம் பங்குப் பணமும் வந்திருக்கும்.

"கடைசியா எடுத்தா லாபம்னு எல்லாருக்குந்தான் தெரியும். கடைசி வரைக்கும் யாரால பொறுக்க முடியும்? நீ பேராதனைக்குப் போறப்ப நான் ரெண்டாம் மாசமே எடுத்தேன். பத்தாயிரத்துச் சீட்டு, ஏழாயிரத்துக்குத் தள்ளி எடுத்தேன். கொழுந்து மலையில இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க, இவளுக்குக் கணக்குத் தெரியலைன்னு."

இந்தச் செய்தி எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஏழாயிரத்தில் வாங்கிய தகரப் பெட்டி இன்னும் என் கட்டிலின் கீழே இருக்கிறது. தாளில் எழுதியிருந்த 'முட்டாள்' என்ற சொல்லை அழிறப்பரால் அழித்தேன். மகன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "எனக்கு அப்ப அவசரம் ஒண்ணும் இல்லை அப்பா. பத்து வரும்னுதான் மாத்தினேன்" என்றான். உண்மைதான். அவனுடைய குறை அவசரமன்று, விலை தெரியாமை.

விதித்தாளைப் படம் பிடித்து என் தொலைபேசியிலிருந்து கூடலூருக்கு அனுப்பினேன். "மருமகனுக்கு, மாமன் புதிதாக ஆடப் பழகுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும்" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாட்கள் பதிலில்லை. மூன்றாம் நாள் அதே படம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது! மாணவர்களுக்குச் சிவப்புக் கோடு போட்டே பழகிய கைக்கு இது ஒரு புதிய அனுபவம். ஒருவனை அழித்துப் பெற்ற சீட்டுகளை உடனே மாற்றலாம் என்று நான் பொதுப்பட எழுதியிருந்தேன். அது தவறு. கையில் ஆறு சேர்ந்தாலொழிய உடனே மாற்ற முடியாது. ஆறுக்குக் குறைந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். அப்படி உடனே மாற்றும்போதும், கையிருப்பு நான்குக்கோ அதற்குக் கீழோ இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பையன் தெளிவாக எழுதியிருந்தான். கூடலூர்ப் பள்ளியில் அவனுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் கொடுத்துவைத்தவர்.

தாளின் அடியில் இரண்டு வரி இருந்தது. "மாமா, அவன் முதல் செட்டை மாத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவன் நிலை விலைன்னு நினைக்கிறான்னு. சொல்லியிருக்கலாம். சொல்லலை."

இதை மகனிடம் காட்டுவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். தெரிந்தே சொல்லாதிருந்தான் என்றால் கோபம் இன்னும் மூளாதா? ஏமாற்று என்று இவன் சொன்னது முழுப் பொய்யன்று என்றல்லவா ஆகிறது? விதிப்படி அவன்மேல் குற்றமில்லை. பட்டியல் மூலையில் எழுதியிருந்தது. விதிக்கு வெளியே, உறவின்படி, குற்றம் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் திறமை எனக்கில்லை. மாலையில் தொலைபேசியை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டு மார்கழிப் பஜனைக்குச் சுண்டல் கடலை வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். கோழைத்தனம் என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன்.

திரும்பி வந்தபோது அவன் அடுப்படி வாசலில் நின்றான். "நானும் கேட்டிருக்கலாம்" என்றான், யாரிடமும் சொல்லாததுபோல. மற்றச் சொல்லைப் பற்றி அவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறைக் கதவு சாத்தியிருந்தது. வெகுநேரம் குரலே கேட்கவில்லை. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பதினோராம் நாள் இரவு புதிய மேசை ஒன்று திறந்தது. திறந்தவன் என் மகன். நால்வரில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தோழர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். மேசை திறக்குமுன்பே கூடலூரிலிருந்து குரல் வந்தது:

"மாமா, நிலையா, ஏற்றமா? நாலு பேரும் வாயால சொல்லணும்."

"ஏற்றம்" என்றான் மகன். "ஏற்றம்" என்றான் தோழன். நானும் கம்பீரமாக "ஏற்றம்" என்றேன்.

பகடை அன்று எனக்குப் பேரருள் புரிந்தது. சயாமையும் இந்தோனேசியாவையும் பிடித்தேன். பிறகு இந்தியாவையும் பிடித்தேன். 12 படையை அங்கே குவித்தேன். என் கையில் நான்கு சீட்டுகள், அவற்றுள் ஒரு ஜோக்கர். மேசையில் நான்கு செட்டுகள் மாறியாயிற்று. இப்பொழுது மாற்றினால் 12 கிடைக்கும். ஒரு முறை பொறுத்தால் 15 ஆகலாம். ஆனால் என் இடப்பக்கத்தில் மருமகன் மத்திய கிழக்கில் படையைச் சேர்த்துக்கொண்டு இருக்கிறான். மாற்றுவதா, பொறுப்பதா? முறைக்குரிய நேரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

அப்பொழுது முழங்கையில் யாரோ தொட்டார்கள். அம்மா. கையில் மூக்குக்கண்ணாடி, இடுப்பில் வெற்றிலைப் பை. மகனின் தொலைபேசி மின்னேற்றத்தில் கிடந்தது. அவன் தோழனுடைய தொலைபேசியில் ஆடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மதினி காத்துக்கிட்டிருப்பாங்க. பத்து நிமிஷம் பேசிட்டுத் தர்றேன்."

கொடுத்தேன். பத்து நிமிடம் என்பது முக்கால் மணியாயிற்று. கூடலூரில் அவரைக்காய் கிலோ என்ன விலை என்பதிலிருந்து, இரண்டு கடவுச்சீட்டுகள் எப்பொழுது தயாராகும் என்பது வரை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தொலைபேசி என் கைக்குத் திரும்பி வந்தபோது என் முறைகள் பல தவறிப்போயிருந்தன. நான்கு சீட்டுகளையும் மருமகன் எடுத்துக்கொண்டுவிட்டான். இந்தியாவில் அவனுடைய கொடி பறந்துகொண்டிருந்தது.